கிண்டிக் குதிரையும் தான்றிக் காயும்

நிடத நாட்டு மன்னன் நளன் சூதாடி நாட்டை இழந்தவன் என்பது நாம் எல்லோரும் அறிந்த கதை. அவன் அதை எவ்வாறு மீட்டான் என்று கேட்டால் நம்மில் பலர் சற்றே தயங்குவோம். உருமாறி, வாகுகன் என்னும் பெயரில் அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்குத் தேரோட்டியாக இருந்த காலத்தில், விதர்ப்பத்தை நோக்கித் தேர் விரைகிறது. வழியில் ஒரு தான்றி மரம். அதன் இலையும் காயும் எத்தனை என்று மன்னன் பார்த்த மாத்திரத்திலேயே சொல்லிவிடுகிறான். நளன் நம்பவில்லை. தேரை நிறுத்தி, மரத்தடிக்குப் போய் எண்ணிப் பார்க்கிறான், கணக்குப் பிசகவில்லை. அந்த இடத்திலேயே இருவருக்கும் ஓர் உடன்படிக்கை ஏற்படுகிறது. மன்னன் தன்னிடமுள்ள சூதின் நுட்பத்தைத் தருகிறான். நளன் தன்னிடமுள்ள குதிரையின் நுட்பத்தைத் தருவதாக ஒப்புக்கொள்கிறான். பாரதம் முன்னதை அட்ச இருதயம் என்றும், பின்னதை அசுவ இருதயம் என்றும் வழங்குகிறது. சூதின் இருதயம் கைவந்த அந்தக் கணத்தில் கலி நளனுடைய உடலை விட்டு வெளியேறித் தான்றி மரத்துக்குள் புகுந்துகொள்கிறான். பழங்காலத்தில் சூதாடு காயாகப் பயன்பட்டது தான்றிக் காய்தான் என்பதையும் இங்கே சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

இக்கதையைச் சொன்னவருக்கு ஒரு துணிபு இருந்திருக்கிறது. சூது வெறும் குருட்டுவாய்ப்பு அன்று, அதற்குள் கற்றுத் தேறத்தக்க ஓர் அறிவு உண்டு என்பதே அது. வள்ளுவரோ வேறு பக்கம் நிற்கிறார். சூது என்னும் அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவே, 94ஆம் அதிகாரமாக வைத்தவர் அவர். அதில் அறிவு உண்டா இல்லையா என்ற ஆராய்ச்சிக்கே அவர் போகவில்லை. வென்றாலும் வேண்டாம் என்று தொடக்கத்திலேயே கதவைச் சாத்திவிடுகிறார். நளன் கதையின் இந்தத் துணிபுக்கும் வள்ளுவரின் மறுப்புக்கும் இடையிலான வழக்கு, நம் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில், கிண்டியில், குதிரைப் பந்தயத்தைச் சாக்காகக் கொண்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டு நடந்தது. அதை எழுதிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். கவிஞர்கள் கூடும் ஒரு வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் குதிரைக்கு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் புருவம் உயர்த்தலாம். பரியைப் பாடாத புலவர் நம் மரபில் குறைவு என்பதை மட்டும் அவர்களுக்கு நினைவூட்டிவிட்டு மேலே செல்கிறேன்.

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வேளச்சேரிச் சாலையில் வடக்கே போனால் செம்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரி கடந்து கிண்டிப் பந்தயத்திடலின் சுவருக்கு வந்து சேரலாம். ரயிலில் போகிறவர்களுக்குத் தாம்பரமே வாசல். தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். அதற்குப் பிறகு பந்தய நாள்களில் தென்புறத்து ஊர்களிலிருந்து கிண்டிக்குப் போவது, கோயில் திருவிழாவுக்குப் போவதைவிட எளிதாகிவிட்டது. பல்லாவரத்துத் தோல் கிடங்கில் வேலை செய்தவரும், குரோம்பேட்டைத் தொழிற்சாலைத் தொழிலாளியும், தாம்பரத்து ரயில்வே குமாஸ்தாவும் ஒரே பெட்டியில், ஒரே சிறு புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு தலை குனிந்திருந்த காட்சியைப் பழைய பயணிகள் அறிவார்கள். அந்தப் புத்தகத்துக்கு ரேஸ் புத்தகம் என்று பெயர்.

கிண்டியில் குதிரைப் பந்தயம் 1777ஆம் ஆண்டு தொடங்கியதாகச் சொல்வது வழக்கம். சென்னைப் பந்தயக் கழகமாகிய மெட்ராஸ் ரேஸ் கிளப், முன்பிருந்த அதே பெயருள்ள அமைப்பின் சொத்துகளையும் கடன்களையும் ஏற்றுக்கொண்டு 1896இல் உருவாயிற்று. குளிர்காலத்தில் கிண்டி, கோடையில் உதகமண்டலம் என்று வெள்ளைக்காரத் துரைமார்களின் இடப்பெயர்ச்சியைப் பின்பற்றியே பந்தயங்களும் இடம்பெயர்ந்தன. துரைமார்கள் போன பின்னும் பந்தயம் போகவில்லை. ஜமீன்தார்கள், வணிகர்கள், திரையுலகத்தார் அவர்கள் இடத்தில் வந்தமர்ந்தார்கள். எஸ்.எஸ். வாசன் தம் படநிறுவனத்துக்கு ஜெமினி என்று பெயர் சூட்டியது ஒரு பந்தயக் குதிரையின் பெயரைக் கொண்டே என்று ஒரு செய்தி உலவுவதுண்டு. செட்டிநாட்டு எம்.ஏ.எம். ராமசாமியின் குதிரைகள் இந்தியா முழுவதும் பெரும் பந்தயங்களை நூற்றுக்கணக்கில் வென்றன. 2015இல் அவர் மறைந்தபோது வெளிவந்த இரங்கற் குறிப்புகளில் கல்வி, அரசியல், தொழில் ஆகியவற்றோடு குதிரைக்கும் பெரிய இடம் கிடைத்தது. ஆனால் இந்தக் கட்டுரையின் பொருள் குதிரை வைத்திருந்தவர்கள் அல்லர். ரேஸ் புத்தகத்தின்மேல் தலை குனிந்திருந்தவர்கள்.

அவர்கள் என்ன படித்தார்கள் என்பதை அறியாமல், அவர்களைச் சூதாடிகள் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவது எளிது. புத்தகத்தின் ஒரு பக்கத்தில் ஒரு பந்தயம். தூரம் இத்தனை மீட்டர். ஆயிரம், ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து நானூறு என்று. அதன் கீழே குதிரைகளின் வரிசை. ஒவ்வொன்றுக்கும் பெயர், தாய் தந்தை, வயது, உரிமையாளர், பயிற்சியாளர், ஜாக்கி, சுமக்க வேண்டிய எடை, புறப்படும்போது நிற்க வேண்டிய இடம். இவற்றோடு முந்தைய ஓட்டங்களின் வரலாறும் இருக்கும். எந்தத் தூரத்தில், எந்த எடையோடு, யார் ஓட்ட, எத்தனையாவதாக வந்தது, முன்னால் வந்த குதிரைக்கும் அதற்கும் எத்தனை உடல் நீளம் இடைவெளி என்பதெல்லாம் அதில் அடங்கும். இந்த வரலாற்றைத்தான் ஆங்கிலத்தில் ஃபார்ம் என்பார்கள். பந்தய முடிவுகளை ஆண்டுதோறும் தொகுத்து அச்சிடும் வழக்கத்தை இங்கிலாந்தில் ஜான் செனி என்பவர் 1727இல் தொடங்கிவைத்தார். குதிரைகளின் குலவரிசையை ஜேம்ஸ் வெதர்பி 1791இல் பதிப்பித்தார். குதிரையின் மெய்க்கீர்த்தி இவ்வாறு அச்சேறியதிலிருந்து, நேரில் பார்க்காத குதிரையைப் பற்றியும் ஒருவன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சிந்திக்கலாம் என்ற நிலை வந்தது. கணிப்பு என்னும் கலை பிறந்தது இங்கேதான்.

அந்தக் கலையின் நடுநரம்பு எடை. எல்லாக் குதிரைக்கும் ஒரே எடை கொடுத்தால் வல்ல குதிரை எப்போதும் வெல்லும். யாரும் பணம் கட்ட மாட்டார்கள். ஆகவே குதிரைகளைத் தரவெண் கொடுத்து வகுப்பு வகுப்பாகப் பிரிப்பார்கள். ஒரே வகுப்புக்குள்ளும் தரவெண்ணில் ஒரு புள்ளி கூடுதலாக உள்ள குதிரை அரைக் கிலோ கூடுதலாகச் சுமக்கும். 40 புள்ளிக் குதிரையோடு 60 புள்ளிக் குதிரை ஓடினால் பின்னது பத்துக் கிலோ அதிகம் தூக்க வேண்டும். இதற்கு ஹேண்டிகேப் என்று பெயர். தொப்பிக்குள் கைவிட்டு எடுக்கும் ஒரு பழைய பண்டமாற்று விளையாட்டின் பெயரிலிருந்து இச்சொல் வந்தது என்பார்கள். எடைகளை நிர்ணயிக்கும் அலுவலர் கணக்கில் வல்லவர். அவருடைய இலட்சியம், எல்லாக் குதிரைகளும் ஒரே நொடியில் கம்பத்தைத் தொடும்படி எடைகளைப் பகிர்ந்துவிடுவது. அவருடைய அறிவு முழு வெற்றி பெற்றால் பந்தயத்தில் எஞ்சுவது குருட்டுவாய்ப்பு மட்டுமே. கணிப்பவனோ அவர் எங்கே சறுக்கியிருக்கிறார் என்று தேடுகிறவன். போன மாதம் வேண்டுமென்றே நெருக்கடிக்குள் சிக்கவிடப்பட்ட குதிரையோ, தூரம் போதாமல் தோற்ற குதிரையோ, இப்போது தன் தகுதியைவிடக் குறைந்த எடையில் வருகிறதா என்பதுதான் அவனுடைய கேள்வி. ஓர் அறிவு சமன்செய்ததை மற்றோர் அறிவு கலைத்துப் பார்க்கிறது. இதைச் சூது என்பதா, உரைக்கு எழுதும் மறுப்புரை என்பதா?

இவற்றோடு விடியற்காலைச் செய்தியும் உண்டு. பந்தயத்துக்கு முந்தைய நாள்களில் கருக்கலில் குதிரைகளைப் பயிற்சிக்கு ஓட்டுவார்கள். கைக்கடிகாரத்தோடு நிற்பவர்கள், இன்ன குதிரை கடைசி அறுநூறு மீட்டரை இத்தனை விநாடியில் கடந்தது, சிரமமின்றி வந்தது, ஜாக்கி தூண்ட வேண்டியிருந்தது என்று குறித்துக்கொள்வார்கள். ‘தி ஹிந்து’ போன்ற ஆங்கில நாளிதழ்கள் இதை அச்சிட்டன. பந்தய நாளன்று, ஒவ்வொரு பந்தயத்துக்கும் முதல், இரண்டாவது, மூன்றாவது என்று மூன்று தெரிவுகளும், இன்றைய சிறந்த குதிரை எது என்ற ஒரு வரியும் விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் வந்துவிடும். அந்த மூலையை எழுதியவர்களின் பெயர் பெரும்பாலும் அச்சேறியதில்லை. உரைநடை ஆர்வலன் என்ற முறையில் அந்த மூலையை நான் பல ஆண்டுகள் படித்து வந்திருக்கிறேன். நிச்சயம் என்ற சொல்லை அறவே தவிர்த்து, வாய்ப்பின் அளவுக்கேற்ப வினைச்சொல்லை மாற்றிப்போடும் நடை அது. ஒரு குதிரைக்கு வெற்றியைக் கண்முன் காட்டுவார்கள். இன்னொன்றைக் கணக்கில் எடுக்கலாம் என்பார்கள். மற்றொன்றை ஒதுக்கிவிட முடியாது என்பார்கள். இந்த மூன்றுக்கும் உள்ள வேறுபாடு பணம் கட்டுகிறவனுக்குத் துல்லியமாகத் தெரியும். நம் திறனாய்வாளர்களில் பலருக்கு இந்தச் சொற்சிக்கனம் வாய்க்கவில்லையே என்று நான் வருந்தியதுண்டு.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். அரசு அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ரேஸ் புத்தகத்தைப் படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். நீளமான கணக்கு நோட்டு ஒன்றில், குதிரைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அலுவலகக் கையெழுத்தில் அத்தனை ஓட்டங்களையும் எழுதி வைத்திருந்தார். தொலைபேசியில் துப்புக் கேட்பவர்களையும், லாயத்துப் பையனுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து இரகசியம் கறப்பவர்களையும் அவருக்குப் பிடிக்காது. ‘படிச்சுக் கட்டணும் தம்பி, கேட்டுக் கட்டக் கூடாது’ என்பார். அவருடைய தெரிவுகள் மூன்றில் ஒன்று தவறாமல் தேறும். அப்படியிருந்தும், வயலெல்லாம் மனைகளாகிக்கொண்டிருந்த நாளில் அவர் தவணையில் வாங்கிப்போட்ட ஒன்றரை கிரவுண்டில் அரை கிரவுண்டு வேறொருவர் பெயருக்குப் போயிற்று. அந்த அம்மாள் ஒருநாள் என்னிடம் சொன்னார்: ‘அவருக்குக் குதிரையை நல்லாத் தெரியும்பா. குதிரைக்குத்தான் அவரைத் தெரியலே.’ சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் காதில் தோடு இல்லாததை நான் அப்போதுதான் கவனித்தேன்.

மூன்றில் ஒன்று தேறியும் ஏன் கை நிற்கவில்லை என்பது எனக்கு நெடுநாள் புதிராக இருந்தது. விடை எளிய கணக்கில் இருக்கிறது. கிண்டியில் இருவகையாகப் பணம் கட்டினார்கள். ஒன்று உரிமம் பெற்ற புக்கிகளிடம். மற்றொன்று டோட் என்னும் பொது நிதியில். பின்னதன் முறையைப் பாரிசில் ஜோசப் ஓலர் என்பவர் 1867இல் வகுத்தார். கட்டிய பணம் முழுவதையும் ஒன்றாகச் சேர்த்து, வரியையும் கிளப்பின் பங்கையும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வென்ற குதிரையின்மேல் கட்டியவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. ஆயிரம் பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் கட்டினால் பத்தாயிரம். நூற்றுக்கு இருபது கழிந்ததாகக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம், எட்டாயிரம் மீதி. வென்ற குதிரையின்மேல் நானூறு பேர் கட்டியிருந்தால் ஆளுக்கு இருபது ரூபாய்தான். நாற்பது பேர் மட்டுமே கட்டியிருந்தால் ஆளுக்கு இருநூறு. பலரும் விரும்பிய குதிரை, உலகின் பல பந்தயத்திடல்களில் கண்டபடி, ஏறத்தாழ மூன்றில் ஒரு பந்தயத்தை வெல்கிறது. ஆனால் மூன்று பந்தயத்துக்கு முப்பது ரூபாய் கட்டி, ஒன்றில் வென்று இருபது வாங்கினால் பத்து ரூபாய் நட்டம். பெரியவரின் அறிவு மெய். அவர் அரை கிரவுண்டு இழந்ததும் மெய். இரண்டுக்கும் முரண்பாடே இல்லை.

இன்னும் ஒன்று. நாளிதழின் மூலையில் ஒரு குதிரையைச் சிறந்தது என்று எழுதியவுடனே ஆயிரம் பேர் அதன்மேல் கட்டுகிறார்கள். கட்டியவுடனே அதன் ஆதாயம் குன்றிவிடுகிறது. முதலில் சொன்னவனுக்குப் புதுமையாக இருந்த உவமை, எல்லோர் வாயிலும் புழங்கித் தேய்ந்துபோவதைப் போன்றதே இது. மாறாக, யாரும் சீந்தாத குதிரையின்மேல் மக்கள் தகுதிக்கு மீறி ஆசை வைக்கிறார்கள் என்பதை அமெரிக்க உளவியலாளர் கிரிஃபித் 1949இல் புள்ளிவிவரங்களோடு எழுதினார். பத்துக்கு ஆயிரம் தரும் குதிரையைக் கனவு காண்பவன் எல்லா நாட்டிலும் ஒருவனே.

தற்செயலாக அதே 1949இல்தான் நம் மாகாணச் சட்டமும் குதிரையின் பக்கம் திரும்பியது. அதுவரை, சூதாட்டம் என்பதற்குச் சட்டம் சொன்ன இலக்கணத்தில் குதிரைப் பந்தயத்துக்கு விலக்கு இருந்தது. 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டத்தையும் 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்தையும் திருத்தி அந்த விலக்கை நீக்க 1949இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்த மறுஆண்டு அது. கள்ளுண்ணாமைக்கு அடுத்தது சூது என்ற வள்ளுவரின் வரிசை மாறவில்லை. ஆனால் 1935இலிருந்தே பந்தயப் பணத்துக்கு வரி வாங்கும் சட்டமும் அரசின் கையில் இருந்தது. வாங்கும் கைக்குத் தடுக்கும் மனம் எளிதில் வருவதில்லை.

1968இல் தமிழக அரசே பரிசுச்சீட்டு நடத்தத் தொடங்கியதை இந்த இடத்தில் மறந்துவிடக் கூடாது. சீட்டு வாங்குகிறவனுக்குப் படிப்பதற்கு எந்தப் புத்தகமும் இல்லை. எண் ஒன்றுதான் உண்டு. அச்சீட்டுகள் பின்னர் 2003இல் தடை செய்யப்பட்டன. குதிரைக்கோ 1974இலேயே ஓலை வந்தது. மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, குதிரைப் பந்தயத்தையும் அதன்மேல் பணம் கட்டுவதையும் ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. ஏழைக் குடும்பங்கள் சீரழிவதே காரணம் என்றார்கள். அந்தக் காரணத்தில் பொய் இல்லை என்பதற்கு எங்கள் தெருவே சான்று. கிளப் 1949 சட்டத்தையும் 1974 சட்டத்தையும் எதிர்த்து வழக்குத் தொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்று, உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. அங்கே வழக்கு நிலுவையில் இருந்தபோது, எம்.ஜி.ஆர். ஆட்சிக்காலத்தில் 1986இல் இன்னொரு சட்டம் வந்தது. பந்தயத்தை ஒழிப்பதற்கன்று, கிளப்பின் அமைப்பையே அரசு எடுத்துக்கொள்வதற்கு!

தீர்ப்பு 1996 ஜனவரி 12ஆம் நாள் வந்தது. டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கு என்று சட்டம் பயின்றோர் அதைச் சொல்வார்கள். எழுதியவர் நீதிபதி குல்தீப் சிங். அவர் முன்னிருந்த கேள்வி ஒன்றே ஒன்று: வெல்லும் குதிரையை முன்கூட்டிக் கணிப்பது அறிவா, வாய்ப்பா?

இக்கேள்விக்கு ஏற்கெனவே ஒரு மரபு இருந்தது. அது இலக்கியத்துக்கு அயலானதும் அன்று. 1930களில் ‘ஆனந்த விகடன்’ குறுக்கெழுத்துப் போட்டி நடத்திப் பரிசு வழங்கியதை மூத்த வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். அத்தகைய போட்டிகள் நாடெங்கும் பெருகி, பெங்களூரில் அச்சான ஒரு வார இதழின் குறுக்கெழுத்துப் போட்டி பம்பாய் அரசோடு வழக்காடி உச்ச நீதிமன்றம்வரை போனது. சமர்பாக்வாலா வழக்கு எனப்படும் அதில் 1957இல் நீதிமன்றம் ஓர் அளவுகோல் வகுத்தது. திறமை பெரும்பங்கு வகிக்கும் போட்டி சூது ஆகாது. வாய்ப்பே பெரும்பங்கு வகிப்பது சூது. 1967இல் ஆந்திரத்து வழக்கொன்றில் ரம்மி என்னும் சீட்டாட்டம் திறமையின் பக்கம் சேர்க்கப்பட்டது. ஆக, குதிரைக்கு முன் சொல்லும், சொல்லுக்குப் பின் சீட்டும் அந்தத் தராசில் ஏறி இறங்கியிருந்தன.

குல்தீப் சிங் தம் தீர்ப்பில் குதிரையின் வேகமும் தாங்குதிறனும் பயிற்சியால் வருபவை என்பதையும், ஜாக்கியின் கலையையும், இனவிருத்தியையும், முந்தைய ஓட்டங்களின் வரலாறு எவ்வாறு ஆராயப்படுகிறது என்பதையும் விரிவாக எழுதினார். அமெரிக்க நீதிமன்றங்கள் சொன்னவற்றையும் எடுத்துக் காட்டினார். சுருங்கச் சொன்னால், எங்கள் தெருப் பெரியவர் கணக்கு நோட்டில் செய்ததெல்லாம் நாட்டின் மிக உயர்ந்த மன்றத்தின் ஏட்டில் அறிவு என்று பதிவாயிற்று. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு. 1949, 1974 ஆகிய சட்டங்கள் அதைத் தீண்டா என்பது முடிவு. 1986 சட்டத்தைப் பற்றிச் சொன்னது இன்னும் கூர்மையானது. பொது ஒழுக்கத்தின் பெயரால் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்துவிட்டு, பிறகு பொதுநலத்தின் பெயராலேயே அந்தப் பந்தய நிறுவனத்தைக் கைப்பற்ற முனைவது முன்னுக்குப் பின் முரண் மட்டுமன்று, அறிவுக்கே பொருந்தாதது என்று அச்சட்டத்தை வீழ்த்தியது நீதிமன்றம்.

அந்தத் தீர்ப்பைப் பற்றி என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். விடை சரியானது, கேள்விதான் குறைபட்டது. குதிரையைக் கணிப்பது அறிவே என்பதில் எனக்கு ஐயமில்லை. ரேஸ் புத்தகத்தை ஒருமுறை ஊன்றிப் படித்தவர் எவரும் அதை மறுக்க மாட்டார். ஆனால் தோட்டை இழந்த அந்த அம்மாள் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அதுவன்று. அறிவுள்ளவனும் தோற்கும்படி அமைந்த பொது நிதியில், நாள் முழுவதும் நடக்கும் பந்தயங்களில், திரும்பத் திரும்பக் கட்டத் தூண்டும் அந்த அமைப்பு யாருக்கு ஆதாயம் தருகிறது என்பதே அவருடைய கேள்வியாக இருந்திருக்கும். 1957இன் தராசில் அதை நிறுக்கத் தட்டே இல்லை. நளனுக்குக் கிடைத்த அட்ச இருதயம் அவனோடு ஆடிய புட்கரனுக்குக் கிடைக்கவில்லை. அதனாலேயே அவன் ஒரே ஆட்டத்தில் நாட்டை மீட்டான். கிண்டியிலோ அந்த இருதயத்தை நாளிதழ் நாள்தோறும் எல்லோருக்கும் விற்றது.

தீர்ப்பின் பிற்கதை குதிரையைவிட வேகமாக ஓடியது. கிண்டிக்கென்று சொன்ன ‘திறமை’ என்னும் சொல், கைப்பேசியில் ரம்மி நடத்திய நிறுவனங்களுக்குக் கேடயமாயிற்று. கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் தமிழகத்தில் அடுத்தடுத்து வந்தன. இணையச் சூதைத் தடுக்க அரசு இயற்றிய சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் இதே தராசை வைத்தே செல்லாது என்றது. அரசு மீண்டும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், ரம்மியும் போக்கரும் அதற்குள் வாரா என்று விலக்கிவிட்டது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. திறமையோ வாய்ப்போ எதுவாயினும், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுக்குத் தடை என்று அது சொன்னது. அரை நூற்றாண்டாக வழக்கறிஞர்கள் வளர்த்த வேறுபாட்டை அந்த ஒரு வரி ஒதுக்கித் தள்ளியது. நளன் கட்சிக்கு எதிராக வள்ளுவர் கட்சிக்குக் கிடைத்த தீர்ப்பு என்று இதைச் சொல்லலாமா என்று நம் வட்டத்துக் கூட்டமொன்றில் கேட்டேன். வள்ளுவர் தண்டனைப் பிரிவு எதையும் எழுதவில்லையே என்று நண்பர் ஒருவர் மறுத்தார்.

நிலத்தின் கதை தனி. திடலின் ஏறத்தாழ 160 ஏக்கரை அரசு 1945இல் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கிளப்பிடம் விட்டது. ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 அணா. 1970க்குப் பின் உயர்த்தப்பட்ட வாடகையைக் கிளப் ஒப்புக்கொள்ளவில்லை, வழக்கு நீண்டது. 730 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பாக்கியைச் செலுத்த வேண்டும் என்று 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2024 ஜூனில் உதகைத் திடலின் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. செப்டம்பரில் கிண்டிக் குத்தகையை முடித்து ஆணை பிறப்பித்தது. கிளப் நீதிமன்றம் சென்றது. பந்தயத்துக்குப் பணம் கட்டுவதன்மேல் 2017இல் 28 விழுக்காடாக விதித்த சரக்கு சேவை வரியும் 2025 செப்டம்பரில் 40 விழுக்காடாயிற்று. ஒழிப்புச் சட்டம் 22 ஆண்டுகளில் சாதிக்க முடியாமற்போனதை வாடகையும் வரியும் சேர்ந்து செய்ய முனைந்தன எனலாம். இது நம் ஊருக்கு மட்டுமே நேர்ந்ததும் அன்று. தமிழர் பலர் கூடிக் களித்த சிங்கப்பூர்ப் பந்தயத்திடலில் 180 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றின் கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் நாள் ஓடி முடிந்தது. நிலம் வீடு கட்டத் தேவைப்பட்டது.

கிண்டியில் நிலம் தேவைப்பட்டது தண்ணீருக்கு. மழைக்காலத்தில் அங்கிருந்து வழியும் வெள்ளம் வேளச்சேரியில் போய்த் தேங்குவதை நாம் ஆண்டுதோறும் பார்த்து வந்தோம். செம்பாக்கம் ஏரி நிரம்பிப் பள்ளிக்கரணைச் சதுப்பில் இறங்குமுன் நம் தெருக்களையும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போவதை அறிந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. குதிரைகள் ஓடிய திடலுக்குள், வெள்ளத்தைப் பிடித்து நிறுத்தக் குளங்கள் வெட்டினார்கள். அடுத்த மழையில் அவை எத்தனை அடி நிரம்பும் என்று இப்போது வேளச்சேரித் தேநீர்க் கடைகளில் கணிக்கிறார்கள்.